உறவுமுறை: மற்றவை

கெடு முடிந்த கல்லறைகளின் பட்டியலில்
அவள் எண்ணும் இருக்கிறதென்று
வியாழக்கிழமை கடிதம் வந்தது.
அம்மா அதை அரிசி டின்னுக்கு அடியில்
செருகி வைத்தாள்,
மின்கட்டணச் சீட்டை வைப்பதுபோல.

சவேரியம்மாள் அருளப்பன்.
பிறப்பு 1947. இறப்பு 1971.
பீங்கான் படத்தில் இடது காதோரம் ஒரு விரிசல்.
என் அப்பாவின் முதல் மனைவி.
எனக்குப் பெரியம்மா,
என் மகளைவிட ஒன்றோ இரண்டோ வயது மூத்தவள்.

நவம்பர் இரண்டாம் தேதி வந்தால்
நூற்று எழுபத்திரண்டாம் எண் பேருந்தில்
சுவா சூ காங்.
பையில் தேங்காய் நார், பழைய பல்துலக்கி,
கேனில் தண்ணீர், மெழுகுவத்தி,
தேக்காவில் வாங்கிய செவ்வந்தி.
அப்பா வரமாட்டார்.
கப்பல் பட்டறையில் ஓவர்டைம் என்பார்,
அன்று ஞாயிற்றுக்கிழமையானாலும்.

அம்மா லாலாங் புல்லைப் பிடுங்குவாள்.
வேரோடு வராத புல்.
பிறகு கல்லில் வெட்டிய பெயருக்குள்
பல்துலக்கியை விட்டு
ஒவ்வோர் எழுத்தாகப் பாசி எடுப்பாள்.
'வே'யின் இரட்டைச் சுழியில்தான் நேரமாகும்.
தேய்த்துக்கொண்டே பேசுவாள்
பார்த்தே இராத ஒருத்தியிடம்:
"மீன் கொழம்புல புளி கூடிப்போச்சாம்.
ஒன் கையில அப்படி இருக்காதாம்.
எதுக்குடி அவ்வளவு நல்லா சமைச்ச?"
தெங்கா தளத்துப் போர்விமானம்
தலைக்குமேல் வானத்தைக் கிழிக்கும்.
வாயை மூடிக்கொள்வாள்.
சத்தம் போனதும்
விட்ட சொல்லிலிருந்து தொடங்குவாள்.

படிவம் கேட்டது:
இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?
கணவர். மகன். மகள். பேரப்பிள்ளை. உடன்பிறந்தவர்.
மற்றவை.
அம்மாவுக்கு அதில் ஒரு கட்டமும் இல்லை.
சக்களத்தி என்கிற சொல்லுக்குள் சண்டை இருக்கிறது;
சண்டைக்கு இரண்டுபேர் உயிரோடு வேண்டும்.
எனக்கோ தமிழில் சொல் தயாராக இருந்தது,
ஆங்கிலத்தில் அது நான்கு வாக்கியமாக நீண்டது.
முகப்பில் இருந்த ரொஹானா
நான்காவது வாக்கியத்தின் பாதியில்
"மாக் லோங்?" என்றாள்.
ஆமாம். மாக் லோங்.
தலையசைத்துவிட்டு
'மற்றவை'யைச் சொடுக்கினாள்.

அப்பாவின் அஸ்தி மாடத்தில் இருவருக்கு இடம்.
இரண்டாவது அம்மாவுக்கென்று
காசு கட்டி வைத்தது.
"அவள அங்க வை."
"அப்போ நீங்க?"
பாகற்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"நாப்பத்தோரு வருஷம் அந்தக் கொறட்டைய
நான் கேட்டாச்சு.
மிச்சத்த அவ கேக்கட்டும்."
நான் சிரித்தேன்.
அவள் அடுத்த காயை எடுத்தாள்.

விடியுமுன் தோண்டினார்கள்.
நீலத் தார்ப்பாய், ஒற்றை விளக்கு, நிறையக் கொசு.
குழிக்குள் நின்ற தம்பிக்கு அறந்தாங்கிப் பக்கம்.
"ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா,
பெருசா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க."
எதிர்பார்க்கவில்லை.
சாயத்தண்ணீர்போல் களிமண்.
தொடையெலும்பில் பாதி, பற்கள் சில,
ஜெபமாலையின் நீலக் கண்ணாடி மணிகள்
பதினொன்று. நூல் இல்லை.

சக்கர நாற்காலியில் இருந்தபடி
அம்மா கையை நீட்டி மணிகளை வாங்கினாள்.
மடியில் துண்டை விரித்தாள்.
பையைத் துழாவிப்
பல்துலக்கியை எடுத்தாள்.
"கன்னங்கரேல்னு ஆக்கி வச்சிருக்க," என்று
ஒவ்வொன்றாகத் தேய்த்தாள்.
"அவருக்குக் கடைசி மூணு மாசம்
கஞ்சிதான் எறங்குச்சு, புளியே கெடையாது,
அப்பவும் ஒரு நாள்..."

முதல் விமானம் எழுந்தது.
தார்ப்பாய் அதிர்ந்தது.
தம்பி மண்வெட்டியை ஊன்றி நின்றான்.
அம்மா, மணியை விரலிடுக்கில் பிடித்தபடி,
சத்தம் மலேசியப் பக்கம் தேயும்வரை
காத்திருந்தாள்.

"என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?"

என்னைக் கேட்கவில்லை.